சுந்தரி மரமும் அதன் பசுங்கணிகமும்

சுந்தரவனம் என்னும் பெயர் சுந்தரி மரத்தினின்று தோன்றியது என்பர். கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலிற் கலக்குமிடத்தில் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள இக்கண்டற் காட்டில் பத்தில் ஆறு பங்கு வங்காளதேசத்திலும் எஞ்சியது இந்தியாவிலும் உள்ளது. சுந்தரியின் விஞ்ஞானப் பெயர் ஹெரிட்டியேரா ஃபோமிஸ். நம் பருத்தியும் பூவரசும் அடங்கிய மால்வேசீ குடும்பத்தைச் சார்ந்தது. கண்டல் இனமாயினும் கடும் உப்பை இது விரும்புவதில்லை. கங்கையின் நீரோட்டம் பல நூற்றாண்டுகளாகக் கிழக்கு நோக்கி விலகியமையால் மேற்குப் பகுதியில் உவர்ப்பு மிகுந்து, சுந்தரி அருகிவிட்டது. 1975-இல் ஃபரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் வறட்சிக் காலத்தில் கிழக்கே செல்லும் நன்னீரும் குறைந்தது. அங்கே மரங்கள் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுப்போகின்றன. உலக அளவில் இது அழிவை எதிர்நோக்கும் இனமாகக் கணிக்கப்பட்டுள்ளது.

இம்மரத்தை நாற்றங்காலில் வளர்ப்போர்க்கு எழும் முதல் வினா, விதையை எங்கிருந்து கொணர்வது என்பதாம். ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் சுந்தரி உண்டு. சுந்தரவனத்து விதையை அங்கு நடலாமா? இரண்டிடத்து மரங்களும் அண்மைக் காலம்வரை ஒரே கால்வழியினவா, நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தவையா? இதற்கு ஒரு பகுதி விடையைப் பசுங்கணிகம் தருகின்றது.

இலைக்குப் பசுமை தரும் இந்நுண்ணுறுப்பினுள், உயிரணுவின் உட்கருவிலுள்ளதன்றித் தனியானதொரு டி.என்.ஏ. உண்டு. பூக்கும் தாவரங்களில் பெரும்பாலும் இது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் எழுத்துக்கள் கொண்ட வளையமாகக் கருதப்படுகின்றது. பெரிய தனிப்பகுதி ஒன்று, சிறிய தனிப்பகுதி ஒன்று, இவற்றிடையே ஒன்றையொன்று தலைகீழாக ஒத்த இரு பகுதிகள் என்பது இதன் அமைப்பு. 1986-இல் ஜப்பானிய அறிஞர்கள் புகையிலையிலும் மார்க்கான்ஷியா என்னும் ஈரற்பாசியிலும் இதனை முதன்முதலாக முழுமையும் படித்தனர். இன்று சிறிதளவு உலர்ந்த இலையே இதற்குப் போதும்.

பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகம் தாய்வழியே வருகின்றது. மகரந்தம் அதனைக் கொணர்வதில்லை. ஆகவே பசுங்கணிகத்தின் எழுத்து வேறுபாடுகள் விதை சென்ற வழியைக் காட்டுவன. சுந்தரியின் காய் நீரில் மிதப்பது. எனவே இங்கு நாம் காண்பது, காய்கள் அலையோடு பரவிய பழம் வழியே எனலாம். இரண்டிடத்து மரங்களில் எழுத்துக்கள் பெரிதும் வேறுபடுமாயின், விதை ஈரிடங்களுக்குமிடையே நெடுங்காலம் சென்று வரவில்லை என ஊகிக்கலாம். அவ்விதைகளைக் கலந்து நடுமுன் எச்சரிக்கை வேண்டும்.

ஆயினும் தாய்வழியே அறியும் முறைக்கு ஓர் எல்லையுண்டு. பிச்சாவரத்தில் சுரபுன்னையின் ஒரு வகை 1995-இல் ரைசோஃபோரா அண்ணாமலையானா எனப் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. பின்னர் அது அபிகுலேட்டா, மியூக்ரோனேட்டா ஆகிய இரண்டின் கலப்பென்று தெரிந்தது. பசுங்கணிகத்தை மட்டும் படித்தால் அம்மரம் தன் தாயினமாகவே தோன்றும், தந்தை மறைந்துவிடும். அதனை அறிய உட்கருவின் டி.என்.ஏ.வையும் படித்தல் வேண்டும். உப்பைத் தாங்கும் திறனும் பெரும்பாலும் உட்கருவைச் சார்ந்ததே. ஆகையால், எழுத்துக்கள் ஒத்த மரங்கள் யாவும் உவர்ப்பில் ஒரே விதமாய் வளரும் என எண்ணுதல் பிழை.

இலை திரட்டுவோர் முதலில் வனத்துறையின் அனுமதி பெறுதல் வேண்டும். நோயற்ற இளந்தளிரைத் துடைத்துச் சேறு போக்கித் தாளுறையிலிட்டு, சிலிக்கா ஜெல்லுடன் மூடி வைக்க. ஜெல் ஈரமேறி நிறம் மாறினால் உடனே மாற்றுக. அடுத்தடுத்த மரங்கள் ஒரு தாயின் மக்களாயிருக்கக் கூடுமாதலின் இடைவெளி விட்டே தேர்க. பூவோ காயோ உள்ள சிறு கிளையொன்றையும் அழுத்தி உலர்த்தி, இலையுறையின் எண்ணையே அதற்கும் இடுக. பிதர்கனிகாவில் ஹெரிட்டியேரா லிட்டோராலிஸ் என்னும் உறவினமும் வளர்கின்றது. அதற்கு மூச்சுவேர் இல்லை, சுந்தரிக்கு உண்டு. மரத்தடியில் மூச்சுவேர் கண்டதையும் காணாததையும் அவ்விடத்திலேயே ஏட்டில் குறித்துக் கொள்க. உலர்ந்த இலையைக் கொண்டு அதனைப் பிறகு அறிய இயலாது.