முட்டை பொரியவில்லையா? முதலில் சேவலைப் பாருங்கள்

அடைக்கு வைத்த முட்டையில் பாதி கூமுட்டையாகிவிட்டால், வீட்டில் எல்லோரும் அடைக்கோழியைத்தான் குறை சொல்வார்கள். கொல்லையில் சிறுவிடைக் கோழிகள் வளர்க்கும் நான் கண்டவரை, பல நேரம் கோளாறு சேவலிடம்தான் இருக்கிறது.

அதைக் கண்டறிய 21 நாள் காத்திருக்க வேண்டாம். ஏழாம் நாள் இரவில் முட்டையின் பருத்த முனையை செல்போன் டார்ச் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால் போலச் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு வளர்கிறது. ரத்தம் வளையமாக நின்றால் கரு கூடி இடையில் செத்திருக்கிறது. முட்டையை நெடுநாள் வைத்திருந்தாலோ வெயில் தாக்கினாலோ அப்படி ஆகும். ஒன்றுமே இல்லாமல் தெளிவாகத் தெரியும் முட்டைகள் அதிகமென்றால் சேவலைக் கவனிக்க வேண்டும்.

நான் பார்ப்பவை இவை:

எண்ணிக்கை: 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். பெட்டை கூடினால் சேவல் எல்லாவற்றையும் அணையாது. சேவல் கூடினால் ஒன்றையொன்று விரட்டிச் சண்டையிடும். பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் கிழியும்.

கால்: நொண்டும் சேவலால் பெட்டையின் முதுகில் நிலையாக நிற்க முடியாது. பாதத்தில் புண் இருக்கிறதா, காலில் செதில் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். முள் நீண்டிருந்தால் நுனியை மட்டும் நறுக்குங்கள். உள்ளே ரத்த ஓட்டம் உண்டு.

பின்புறம்: ஆசனவாயைச் சுற்றி இறகு அடர்ந்திருந்தால் கத்தரித்துவிடுங்கள். பேன் இருந்தால் உடனே ஒழித்துவிடுங்கள்.

தீனி: நல்ல சேவல் இரை கண்டால் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத் தான் பின்னால் தின்னும். அதனாலேயே இளைத்துப் போகும். காலையில் அதைத் தனியே பிடித்து ஒரு பிடி கம்பு வைக்கிறேன். கொழுப்பேறிய சேவலும் உதவாது.

வெயில்: சித்திரை, வைகாசி வெயிலில் விந்தின் வீரியம் குறையும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் அப்போது தீனியைவிட முக்கியம்.

சேவல் மாற்றம்: பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு, மூன்று வாரம்வரை தங்கும். புதுச் சேவலின் குஞ்சுதான் வேண்டுமென்றால், பழையதைப் பிரித்து மூன்று வாரம் கழிந்தபின் முட்டை சேருங்கள். கூடப்பிறந்த பெட்டைகளோடு அதே சேவலை விட்டால் தலைமுறைக்குத் தலைமுறை பொரிப்பு குறையும். வெளியூர்ச் சேவலை மாற்றி வாங்குவது நல்லது. வாங்கியதும் மந்தையில் விடாமல் இரண்டு, மூன்று வாரம் தனியே கட்டிவையுங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் மந்தைக்குள் வருவது பெரும்பாலும் இப்படிப் புதிதாக வாங்கிவந்த கோழிகளால்தான்.

கடைசியாக ஒன்று. ஆடி மாதமும் தீபாவளியும் வந்தால் நல்ல எடையுள்ள சேவல்கள்தான் முதலில் விலைபோகின்றன. மிஞ்சிய நோஞ்சான் மந்தைக்குத் தகப்பனாகிறது. இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். காலில் பலமும் பெட்டையை அழைத்து ஊட்டும் குணமும் உள்ள சேவலை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, மற்றதை விற்றுக்கொள்ளுங்கள்.