நீரியல் தடுப்புத் தொகுதி: குழாய்களை மாற்றுதல்

மாணவர்களே, தடுப்புத் தொகுதியை வரையச் சொன்னால் தலைமை உருளையையும் சில்லு உருளையையும் அழகாக வரைந்து பெயரிடுகிறீர்கள். இரண்டையும் இணைக்கும் குழாயை மட்டும் ஒரு கோட்டோடு விட்டுவிடுகிறீர்கள். இப்பாடம் அந்தக் கோட்டைப் பற்றியது.

முதலில் கணக்கு. தலைமை உருளையின் முசலத்தில் 600 நியூற்றன் விசை தாக்குகின்றது. முசலத்தின் பரப்பளவு 3 சதுர சென்ரிமீற்றர். எனவே அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 200 நியூற்றன். பஸ்காலின் தத்துவப்படி இது பாய்மம் எங்கும் சமமாகக் கடத்தப்படும். சில்லு உருளை முசலத்தின் பரப்பளவு 6 எனின், அங்கு கிடைக்கும் விசை 1200 நியூற்றன். இதுவரை எல்லோரும் எழுதுவீர்கள். அதே அமுக்கம் குழாயின் சுவரையும் வெளிநோக்கித் தள்ளுகின்றது என்பதைத்தான் மறந்துவிடுகிறீர்கள். இது வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 20 மடங்கு. சடுதியாக மிதித்தால் இன்னும் கூடும். காரில் பொதுவாக உள்ள குழாயின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீற்றர், சுவர்த் தடிப்பு ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர் மாத்திரமே. துரு தின்ற குழாய் மெதுவாக மிதிக்கும்போது தாக்குப்பிடித்து, குறுக்கே பிள்ளை ஓடிவரும் வேளையில் வெடிப்பது இதனால்தான்.

குளிர் நாடுகளில் பனியை உருக்க வீதியில் தூவும் உப்பு உருக்குக் குழாயை அரிக்கின்றது. நமக்குக் கடற்காற்று போதும். மீன் ஏற்றும் வானின் அடியில் ஐஸ் உருகிய உப்புநீர் சொட்டுவதைக் கவனித்துப் பாருங்கள்.

மாற்றுவதற்கு இரு வழிகள் உண்டு. முன்வளைத்த குழாய் அவ்வாகன மாதிரிக்கென்றே வளைக்கப்பட்டு, முனைகள் விரிக்கப்பட்டு, சுரைகளுடன் வரும். வேலை சுலபம்; விலை கூட. பழைய மாதிரிகளுக்குக் கிடைப்பதும் அரிது. கையால் வளைப்பதாயின் சுருள் குழாயை வாங்கி, பழைய குழாயை மாதிரியாக வைத்து வளைக்க வேண்டும். பழையது உடைந்திருந்தால் மெல்லிய கம்பியை அதன் பாதையில் வளைத்து அளவெடுக்கலாம். என் அபிப்பிராயம், நம் ஊர்க் கராஜ்களுக்குப் பின்னையதே பொருந்தும்.

எந்த உலோகம்? உருக்கு, அல்லது செப்பு–நிக்கல் கலப்புலோகம். பின்னையது கையால் எளிதில் வளையும், துருப்பிடிக்காது. தனிச்செப்பு இன்னும் எளிதாக வளையுமே என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. தொடர்ந்த அதிர்வினால் தனிச்செப்பு வன்மையடைந்து வெடிக்கும். ஆகவே அது கூடாது.

வளைக்கும்போது வளைகருவியைப் பயன்படுத்துக. வெறுங்கையால் கூர்மையாக மடித்தால் குழாய் நசுங்கி, பாய்மம் செல்லும் வழி ஒடுங்கும். வெட்டுவதற்குக் குழாய்வெட்டி வேண்டும்; இரும்பரிவாள் துகளை உள்ளே விடும். சுரையைக் கோத்த பின்னரே முனையை விரிக்க வேண்டும். இது சின்ன விடயம்போலத் தோன்றும், ஆனால் சுரை இல்லாமல் விரித்த முனையை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை. முனை இருவகைப்படும்: இரட்டை விரிவு, குமிழ் விரிவு. ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் முதலாவது, ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இரண்டாவது. ஒன்றுக்கான இருக்கையில் மற்றதைப் பூட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

மண்ணெண்ணெயால் குழாயின் உட்புறத்தைக் கழுவலாமா? கூடாது. கனிய எண்ணெய் பட்டால் உருளைகளிலுள்ள இறப்பர் அடைப்புகள் ஊதிக் கெடும்.

பூட்டிய பின் வளி அகற்றல். வளி நெருக்கப்படக் கூடியது. ஆகவே மிதி பஞ்சுபோல் அமுங்கும், விசை கடத்தப்படாது. பொதுவாகத் தலைமை உருளைக்கு மிகத் தூரத்திலுள்ள சில்லிலிருந்து தொடங்குவர். சாரதி வலப்புறம் அமரும் நம் வாகனங்களில் அது இடப்பின் சில்லு. குறுக்கு இணைப்புள்ள தொகுதிகளில் ஒழுங்கு வேறுபடலாம். தயாரிப்பாளரின் கைந்நூலே முடிவு. பின்னர் ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். அதன்பிறகே வாகனம் வீதிக்குப் போகலாம்.

பயிற்சி: தலைமை உருளை முசலத்தின் பரப்பளவு 4 சதுர சென்ரிமீற்றர், விசை 1000 நியூற்றன். குழாய்ச் சுவரில் தாக்கும் அமுக்கத்தைக் காண்க. (விடை: சதுர சென்ரிமீற்றருக்கு 250 நியூற்றன்)