ஜே.ஆர்.எஃப். கையில் இருக்கிறதா? லேபை நீங்கள் தேர்ந்தெடுங்கள்

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவர்கள் பலர், முதலில் கூப்பிட்ட லேபிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. இந்தப் பணத்தைக் கைடு தன் புராஜெக்ட்டிலிருந்து தர வேண்டியதில்லை. பேரம் பேசும் பலம் உங்கள் பக்கம்.

1. கைடைப் பற்றி அவருடைய மாணவர்களிடம் விசாரியுங்கள். நான்காம் ஆண்டில் இருக்கும் ஒருவரை டீ குடிக்க அழைத்துப் போய்க் கேளுங்கள். பேப்பரில் முதல் பெயர் யாருக்கு? டிராஃப்ட் கொடுத்தால் எப்போது திருத்தி வரும்? இங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? என்.எம்.ஆர். மெஷின் டிபார்ட்மென்ட்டிலேயே இருக்கிறதா? இல்லையென்றால், சாம்பிளை வெளியே அனுப்பிக் காத்திருக்கும் நாளெல்லாம் உங்கள் கணக்கில்தான் கழியும். ஃபெல்லோஷிப் மொத்தமே ஐந்து ஆண்டு. தீசிஸ் இழுத்தடித்தால் கடைசிக் காலத்தைக் கைக்காசில் ஓட்ட வேண்டியிருக்கும்.

2. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரை ஒதுக்காதீர்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி அவர் நான்கு பேரைத்தான் எடுக்கலாம். பேராசிரியர் எட்டுப் பேர் வரை. புதியவருக்கும் பேப்பர் அவசரமாகத் தேவை. பெஞ்சில் உங்கள் பக்கத்திலேயே நிற்பார்.

3. இன்டர்வியூவுக்கு எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் நீங்களே எடுத்த ஸ்பெக்ட்ரத்தோடு போங்கள். ஒவ்வொரு பீக்குக்கும் பதில் இருக்கட்டும். 7.26-ல் நிற்பது குளோரோஃபார்ம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2.05-ல் ஒரு சிங்லெட், 4.12-ல் ஒரு குவார்ட்டெட் தெரிந்தால், "எத்தில் அசிடேட் முழுதாகப் போகவில்லை சார், இன்னும் வேக்குவமில் வைத்திருக்க வேண்டும்" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். ரியாக்‌ஷனைக் கையால் செய்தவர் யார், ரிப்போர்ட்டை மட்டும் எழுதியவர் யார் என்று போர்டுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

4. ஓடாத ரியாக்‌ஷனையும் நோட்புக்கில் தேதியோடு எழுதுங்கள். டி.எல்.சி. படமும் சேரட்டும்.

5. தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022-ல் எடுத்துவிட்டது. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். போஸ்ட்-டாக் தேடும்போது பேப்பர் இல்லாத சி.வி.யை யாரும் திறக்க மாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிடும் ஜர்னல் பக்கம் போகவே வேண்டாம். அந்தப் பெயர் சி.வி.யில் இருப்பதே கெடுதல்.

6. ஒரு கருவியையாவது ஆபரேட்டர் உதவியில்லாமல் ஓட்டப் பழகுங்கள். ஹைதராபாத் ஃபார்மா கம்பெனிக்குப் போக நினைத்தால் எச்.பி.எல்.சி.யும் ஸ்கேல்-அப்பும் கேட்பார்கள். மில்லிகிராமில் மட்டுமே செய்து பழகியவராக இருந்தால், மூன்றாம் ஆண்டுக்குள் ஒரு ரியாக்‌ஷனையாவது பத்து கிராமில் செய்து பார்த்துவிடுங்கள்.