டென்மார்க் கிரீன் கார்டு: 2016-இல் மூடிய கதவு

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"டென்மார்க்குக்கு கிரீன் கார்டு இருக்கிறது. பாயிண்ட் தேறினால் போதும். வேலையை அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம்."

இந்தப் பேச்சு முழுப் பொய்யாகப் பிறந்ததல்ல. அதனால்தான் இன்னும் எடுபடுகிறது. 2008 வாக்கில் அப்படி ஒரு திட்டம் உண்மையாகவே நடப்பில் இருந்தது. படிப்பு, மொழி, அனுபவம், வயது என்று ஒவ்வொன்றுக்கும் பாயிண்ட் போடுவார்கள். 100 தேறினால் கையில் வேலை இல்லாமலேயே போய் இறங்கலாம். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் பட்டதாரிகள் போனார்கள். அவர்களில் பலருக்குப் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. எம்.எஸ்சி.யும் எம்.பி.ஏ.வும் படித்தவர்கள் அலுவலகத் தரையைத் துடைத்தார்கள், டாக்சி ஓட்டினார்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவினார்கள். திறமையாளர்களை வரவழைக்கத் தொடங்கிய திட்டம் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை என்று டென்மார்க் அரசு 2016 ஜூன் 10-ஆம் தேதி அதை மூடிவிட்டது. ஏற்கெனவே கார்டு வைத்திருந்தவர்கள் நீட்டித்துக்கொள்ள மட்டும் வழி விட்டார்கள். அதன் பிறகு புது விண்ணப்பம் ஒன்றுகூட வாங்கவில்லை.

ஆகவே இன்று யாராவது "டென்மார்க் கிரீன் கார்டு" என்று முன்பணம் கேட்டால், இல்லாத கடையின் சரக்குக்கு விலை கேட்கிறார் என்று அர்த்தம். நிலத்தை அடகு வைத்தும் தாலிக்கொடியை விற்றும் இப்படிப் பணம் கட்டும் குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போதைய முறை தலைகீழ். முதலில் வேலை, பிறகுதான் அனுமதி. டென்மார்க் நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் கொடுத்த பின்பே விண்ணப்பிக்க முடியும். பெரும்பாலோர் போவது சம்பள வரம்புத் திட்டத்தில். 2025-இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 5,14,000 குரோனர், நம் பணத்தில் 60 லட்ச ரூபாய்க்கு மேல். ஆண்டுதோறும் இது உயரும். வரம்பைத் தொடும் சம்பளம் இருந்தால் படிப்பு எது என்று கேட்பதில்லை. இன்னொரு வழி 'பாசிட்டிவ் லிஸ்ட்': ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களின் பட்டியல். பட்டதாரி வேலைகளுக்கு ஒன்று, கைத்தொழில் திறன் வேலைகளுக்கு ஒன்று. ஜனவரி 1-லும் ஜூலை 1-லும் பட்டியல் மாறும். போன வருடம் போன மச்சானின் தொழில் இந்த வருடப் பட்டியலில் இல்லாமல் போகலாம். டாக்டர், நர்ஸ் என்றால் டென்மார்க் அரசு தரும் தொழில் உரிமமும் வேண்டும்.

இந்த அனுமதி எதுவும் 'டென்மார்க்கில் இருக்கலாம்' என்று பொதுவாகக் கொடுப்பதல்ல. இந்த வேலைக்காக, இந்தப் படிப்புக்காக, இந்த உறவுக்காக என்று ஒரு காரணத்தில் கட்டிக் கொடுப்பது. காரணம் அறுந்தால் அனுமதியும் அறும். கம்பெனி மாறினால் பெரும்பாலும் புது விண்ணப்பம் போட வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே வரும் மற்ற நம்பிக்கைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

"டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கிவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

ஷெங்கன் விசா எந்த 180 நாளிலும் 90 நாள் தங்கத்தான். அதில் வேலை செய்ய உரிமை இல்லை. பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் உண்டு. வேலை கொடுத்த முதலாளிக்கும் தண்டனை. லேப்டாப்பில் வெளிநாட்டு வேலை பார்ப்பவர்களுக்கென்று சில ஐரோப்பிய நாடுகள் தரும் விசாவும், பணம் முதலீடு செய்தால் குடியுரிமைப் பாதை திறக்கும் 'கோல்டன் விசா'வும் டென்மார்க்கில் கிடையாது.

"ஐரோப்பா முழுக்க ஒன்றுதானே? டென்மார்க் அனுமதி இருந்தால் ஜெர்மனியிலும் வேலை பார்க்கலாம்."

பார்க்க முடியாது. 90 நாளுக்குள் சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் குடியேற்ற விஷயத்தில் டென்மார்க் விலகி நிற்கிறது. ஜெர்மனி தரும் 'புளூ கார்டு' டென்மார்க்கில் செல்லாது. டென்மார்க் அதை வழங்குவதும் இல்லை.

"ஸ்டூடண்ட் விசா எடுத்தால் கணவன் படிக்க, மனைவி சம்பாதிக்க, கடன் அடைந்துவிடும்."

எந்தப் படிப்பு என்பதைப் பொறுத்தது. அரசு அங்கீகரித்த பட்டப்படிப்பு என்றால் மாணவர் மாதம் 90 மணி நேரமும், ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முழு நேரமும் வேலை பார்க்கலாம்; முடித்த பின் வேலை தேடவும் அவகாசம் கிடைக்கும். அரசு அங்கீகாரம் இல்லாத உயர்கல்விப் படிப்புகளுக்காக 2025 மே மாதத்திலிருந்து அனுமதிக்கு விண்ணப்பிப்போருக்கு வேலை செய்யும் உரிமை இல்லை, குடும்பத்தை அழைத்துப் போகவும் முடியாது. கல்லூரியின் பெயர் பளபளப்பாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். நீங்கள் சேரப்போகும் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

"அங்கே இருக்கும் பையனைக் கட்டிவிட்டால் விசா தானாக வரும்."

வேலை அனுமதியில் இருப்பவரின் மனைவி, கணவன், குழந்தைகள் கூடவே போகலாம். துணைவருக்கு வேலை செய்யும் உரிமையும் உண்டு. ஆனால் டென்மார்க்கின் ஹெர்னிங்கிலோ ஓர்ஹூஸிலோ வளர்ந்த, குடியுரிமையோ நிரந்தர வதிவிட அனுமதியோ பெற்ற பையனை யாழ்ப்பாணத்துப் பெண் கட்டிப் போவதற்குச் சட்டமே வேறு. 2002-இல் வந்த விதிப்படி இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும். வீடு, வங்கி உத்தரவாதம், மொழி, ஒருங்கிணைப்பு என்று அடுத்தடுத்து நிபந்தனைகள் வரும். இந்த விதியால் பல டேனிஷ் குடிமக்கள் துணைவரோடு எல்லைப் பாலத்தைக் கடந்து சுவீடனின் மால்மோவில் குடியேறினார்கள். 21 வயதுப் பெண்ணுக்கு நிச்சயம் பண்ணும் பெற்றோர் மூன்று வருடக் காத்திருப்பைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"பி.ஆர். கிடைத்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை. அங்கே பிறந்த பிள்ளை டேனிஷ் குடிமகன்."

நிரந்தர வதிவிட அனுமதிக்கு 8 வருடம் ஆகும். கூடுதல் நிபந்தனைகள் எல்லாவற்றையும் நிறைவேற்றினால் 4 வருடம். டேனிஷ் மொழித் தேர்வு, தொடர்ந்த வேலை, அரசுக் கடன் பாக்கி இல்லாமை எல்லாம் பார்ப்பார்கள். கிடைத்த பின்னும், முன்கூட்டி அனுமதி வாங்காமல் 12 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்தால் அது காலாவதியாகலாம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒரு வருடம் தங்கிவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பிறந்ததால் மட்டும் பிள்ளைக்குக் குடியுரிமை வராது. பெற்றோர் வழியாகத்தான் வரும். வெளியிலிருந்து போனவர்கள் பொதுவாக 9 வருடம் கழித்து விண்ணப்பிக்கலாம். அதையும் ஓர் அதிகாரி கையெழுத்திட்டுத் தருவதில்லை: ஒவ்வொருவர் பெயரையும் மசோதாவில் சேர்த்து நாடாளுமன்றம் சட்டமாக நிறைவேற்றும். 2015 செப்டம்பரிலிருந்து டென்மார்க் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இந்தியா ஏற்பதில்லை, ஆகவே நம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

"வெள்ளைக்காரன் நாடு, அதிகாரி முடியாது என்றால் முடியாதுதான். எதிர்த்துக் கேட்க நாம் யார்?"

இந்த நம்பிக்கையைத்தான் நான் முக்கியமாக உடைக்க விரும்புகிறேன். உடைக்கும் சான்று நம் ஜனங்களின் கதையிலேயே இருக்கிறது.

1980-களில் இலங்கைப் போரிலிருந்து தப்பிய தமிழர்கள் டென்மார்க்கில் தஞ்சம் பெற்றார்கள். மனைவி மக்களை அழைத்துக்கொள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருந்தது. 1987-இல் நீதித்துறை அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். சட்டத்தை மாற்றவில்லை. கோப்புகளை நகர்த்தவில்லை, அவ்வளவுதான். கணவன் டென்மார்க்கின் ஜட்லாந்துக் குளிரில் காத்திருந்தான். மனைவியும் பிள்ளைகளும் போருக்குள் காத்திருந்தார்கள்.

முதலில் குறைகேள் அதிகாரி கண்டித்தார். பிறகு நீதிபதி ஹார்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை நடந்தது. 1993 ஜனவரியில் ஆயிரக்கணக்கான பக்க அறிக்கை வெளியானதும், பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். அமைச்சர்களை விசாரிக்கும் உச்ச விசாரணை மன்றம் 1910-க்குப் பிறகு முதல்முறையாகக் கூடியது. 1995-இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. டென்மார்க்கில் இன்றைக்கும் அதன் பெயர் 'தமிழ் வழக்கு'. அதே மன்றம் 2021-இல் இங்கர் ஸ்டொய்பெர்க் என்ற முன்னாள் குடியேற்ற அமைச்சருக்கு 60 நாள் சிறை விதித்தது. இளவயது அகதித் தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்து வைத்ததற்காக.

டென்மார்க்கின் குடியேற்றச் சட்டம் கடுமையானது, அடிக்கடி மாறுவது. ஆனால் எழுதிய சட்டம் விண்ணப்பிப்பவரைக் கட்டுவது போலவே அமைச்சரையும் கட்டும். ஆகவே உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ மறுப்புக் கடிதம் வந்தால், அழுதுவிட்டு மூலையில் வைத்துவிடாதீர்கள். என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். குடியேற்ற மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக உங்களுக்கு 8 வாரம் இருக்கிறது.