பின்னலில் ஒளிரும் விடிவெள்ளி

பால்டிக் கடற்கரையில் அமைந்த குளிர்நாடு லாத்வியா. அங்கே மணமகள், தான் பின்னிய கம்பளிக் கையுறைகளை உறவினருக்கு வழங்குதல் பண்டை வழக்கம். அக்கையுறைக் கோலங்கள் இன்று ஸ்வெட்டர்களிலும் மலர்கின்றன.

ஒரே வரிசையில் இருநிற நூல்கள் செல்லும். முன்புறம் தோன்றாத நூல் பின்புறம் தளர்வாக ஓடும். இறுக இழுத்தால் ஆடை சுருங்கிவிடும்.

எண்முனை விண்மீன் ‘அவுசெக்லிஸ்’ என்னும் விடிவெள்ளியைக் குறிக்கும். அது தீமையிலிருந்து காக்கும் என்பர். இணைந்த கதிர்கள் போன்ற ‘யுமிஸ்’ விளைச்சலின் அடையாளம்.

சோவியத் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் விடுதலை வேண்டிய மக்கள் அவ்விண்மீனை அணிந்தனர். 1991இல் நாடு விடுதலை பெற்றது. பாட்டியர் பின்னிய கோலம் பெயரர்க்குக் கொடியாயிற்று.

சொற்பொருள்: பெயரர் – பேரப்பிள்ளைகள்

வினாக்கள்
1. பின்புற நூலைத் தளர்வாக விடுவது ஏன்?
2. உம் வீட்டில் வழிவழியாக வரும் கோலம் ஒன்றைப்பற்றி எழுதுக.