தோலோடு தோலாகும் உணர்கருவிகள்

இதயத்தின் மின் துடிப்பைப் பதிவு செய்ய நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் ஐந்தோவன் என்பார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கால்வனாமீட்டர் ஏறத்தாழ 270 கிலோ எடையுடையது. நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர்த் தொட்டிகளில் அமிழ்த்திக்கொண்டு அமர வேண்டும். இப்பணிக்காக அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. 1940களின் இறுதியில் அமெரிக்கரான ஹோல்டர் இக்கருவியை முதுகில் சுமந்து நடக்கும் அளவுக்குச் சுருக்கினார். அப்போதும் சுமை 38 கிலோ! பின்னர் எடை வெகுவாகக் குறைந்தது; ஆயினும் கருவியின் விறைப்பு குறையவில்லை.

விறைப்பில் என்ன கேடு என்று கேட்கலாம். நமது தோல் சுருங்கும், மடியும், ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்குவரை நீளவும் செய்யும். சிலிக்கனோ சிறிது இழுத்தாலே முறிந்துவிடும். விறைத்த தகடு தோலின் மேடுபள்ளங்களோடு பொருந்தாமல் இடையில் காற்று புகும். உடல் அசையும்போதெல்லாம் தொடுகை மாறும். இதயம் தரும் மின்னழுத்தமோ தோலின்மீது ஒரு மில்லிவோல்ட் அளவுதான். அசைவின் இரைச்சலில் அது மறைந்துபோகும்.

இதற்கான விடை நம் இயற்பியல் ஆய்வகத்திலேயே இருக்கிறது என்பதே என்னை இப்பொருள்பற்றி எழுதத் தூண்டியது. யங் குணகம் காணும் சோதனையில், சட்டத்தின் வளைவு அதன் தடிமனின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது அல்லவா? தடிமனை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் விறைப்பு நூறு கோடியில் ஒரு பங்காகும். சிலிக்கனை மாற்ற வேண்டியதில்லை, மெலிதாக்கினால் போதும். இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழுவினர் 2011இல் செய்தது இதுவே. தலைமுடியினும் மெல்லிய படலத்தில், கம்பிகளைப் பாம்புபோல் நெளிநெளியாக அமைத்தனர். இழுத்தால் நெளிவு நிமிரும், உலோகம் அறாது. பசையின்றி, வான்டர் வால்ஸ் விசையாலேயே அது தோலில் ஒட்டி நிற்கிறது.

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1953இல் விட்னி என்பவர் மெல்லிய ரப்பர்க் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் காலைச் சுற்றிக் கட்டி, இரத்தம் பாய்வதால் கால் பருப்பதை அளந்தார். குழாய் நீளும்போது குறுக்குப் பரப்பும் குறைவதால் மின்தடை நீளத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் கூடும். நீளம் 10 விழுக்காடு கூடினால் தடை 21 விழுக்காடு கூடும். எவ்வளவு எளிய உபாயம்! இன்று பாதரசத்தின் இடத்தில் நச்சுத்தன்மை குறைந்த காலியம் கலவைகள் வந்துள்ளன.

இவற்றால் பெரும்பயன் பெறுவோர் பேச இயலாதவர்களே. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தோல் மிக நொய்மையானது. கம்பிகளை ஒட்டிய நாடாவைப் பிரிக்கும்போது தோலும் உரிந்து வருவதுண்டு. கம்பிகளின் சிக்கலால் தாய் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்வதும் அரிதாகிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதே ராஜர்ஸ் குழுவினர் 2019இல் மார்புக்கு ஒன்றும் பாதத்துக்கு ஒன்றுமாக இரண்டு மென்பட்டைகளை வெளியிட்டனர். கம்பியும் இல்லை, மின்கலமும் இல்லை. படுக்கையின் அடியிலுள்ள அலைவாங்கியிலிருந்தே அவற்றுக்கு மின்னாற்றல் கிடைக்கிறது.

ஆனால் வியப்போடு நின்றுவிடுவது மாணவருக்கு அழகன்று. ஒளியைச் செலுத்தி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் விரற்கருவியை எடுத்துக்கொள்வோம். கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைந்திருந்தும் அக்கருவி அதைக் காட்டத் தவறியது, வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. தோலிலுள்ள மெலனின் ஒளியை உட்கவர்கிறது. ஒளிகொண்டு அளக்கும் எந்த மென்பட்டையாயினும், அது யார் தோலில் சோதிக்கப்பட்டது என்று கருநிறத்தவராகிய நாம்தாம் முதலில் கேட்க வேண்டும்.

மின்னழுத்தத்தை அளக்கும் பட்டைகளுக்கு இத்தொல்லை இல்லை. அவற்றின் பகை வியர்வை. டோக்கியோவில் சோமேயா குழுவினர் 2017இல் தங்க இழைகளாலான வலையொன்றைச் செய்தனர். தாங்கு இழைகள் நீரில் கரைந்துவிட, தங்கம் மட்டும் தோலில் படிகிறது. காற்றும் வியர்வையும் அதன் வழியே தாராளமாகச் சென்று வரும். ஒரு வாரம் அணிந்தும் தோல் புண்படவில்லையாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும் என்பதை இங்குதான் அளந்து பார்க்க வேண்டும்.