கப்பல் பங்கு வாங்கும் முன் கால்வாயை அளந்து பாருங்கள்

கப்பல் கம்பெனியின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால் லாப நட்டக் கணக்குக்குப் போகும் முன் நான் கப்பல் பட்டியலைத்தான் படிப்பேன். ஒவ்வொரு கப்பலும் என்ன வகை, எந்த ஆண்டு கட்டியது, எத்தனை டன் சுமக்கும் என்று அதில் இருக்கும். நீளமும் அகலமும் இல்லாவிட்டால் கப்பலின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடி எடுத்துவிடலாம். கம்பெனியின் சொத்தே கப்பல்கள்தான். அவை எந்த வழியில் போகலாம், எங்கே போக முடியாது என்பது தெரியாமல் அந்தச் சொத்துக்கு நம்மால் விலை மதிப்பிட முடியாது.

இதை எனக்குப் புரியவைத்தது பனாமா கால்வாய். 1914இல் திறந்த அந்தக் கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் 33.5 மீட்டர் அகலம். அதற்குள் நுழைய வேண்டுமானால் கப்பலின் அகலம் 32.3 மீட்டரைத் தாண்டக் கூடாது. அகலப்படுத்த வழியில்லாததால் கன்டெய்னர் கப்பல்களை நீட்டிக்கொண்டே போனார்கள். 294 மீட்டர் நீளம், 20 அடிப் பெட்டிக் கணக்கில் ஏறக்குறைய 5,000 கன்டெய்னர்கள்; பனாமாக்ஸ் என்ற அந்த வகைக்கு அதுதான் உச்சம். இப்படி ஒல்லியாக நீண்ட கப்பல் கடலில் நிலையாக நிற்க, அடித்தொட்டிகளில் நிறைய தண்ணீர் ஏற்ற வேண்டும். வாடகை தராத அந்தத் தண்ணீரைச் சுமக்கவும் எண்ணெய் எரிகிறது.

2016 ஜூனில் 55 மீட்டர் அகலமுள்ள புதிய நீர்ப்பூட்டுகள் திறந்தன. 49 மீட்டர் அகலத்தில் 13,000 கன்டெய்னர் ஏற்றும் கப்பல் அதே வழியில் போகத் தொடங்கியதும், பழைய பனாமாக்ஸ் கன்டெய்னர் கப்பல்களுக்கு இருந்த ஒரே அனுகூலமும் போயிற்று. 25 ஆண்டு ஓட வேண்டியவை பத்து வயதிலேயே உடைப்புத் தளங்களுக்குப் போயின. 2017இல் ஏழே வயதான ஒன்றுகூடப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. இந்த அளவுக் கப்பல்களையே பெரும்பாலும் வைத்திருந்த, சிங்கப்பூர்ச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த ரிக்மர்ஸ் மாரிடைம் டிரஸ்ட், கடன் சுமையும் சேர்ந்து அழுத்த, 2017இல் மூடப்பட்டது.

இதில் என்னை இன்றும் வருத்துவது ஒன்று உண்டு. இது யாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. 2006இல் கால்வாய் விரிவாக்கத்துக்குப் பனாமா மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் தந்தார்கள்; 2007இல் வேலை தொடங்கியது. முதலீட்டாளர்களுக்குப் பத்து ஆண்டு அவகாசம் இருந்தது. கால்வாய்ச் செய்தி பொருளாதாரப் பக்கத்தின் மூலையில்தான் வரும். அதைத் தேடிப் படியுங்கள்.

அதற்காகப் பனாமாக்ஸ் என்ற பெயரைக் கண்டதும் ஒதுங்கிவிட வேண்டாம். அதே அகலத்தில் நிலக்கரியும் தானியமும் ஏற்றும் 75,000 டன் கப்பல்கள் இப்போதும் நன்றாகவே சம்பாதிக்கின்றன. அந்தச் சரக்கு போய்ச் சேரும் பல துறைமுகங்களில் அதைவிடப் பெரிய கப்பலுக்கு ஆழம் கிடையாது. அளவை மட்டும் பார்த்தால் போதாது, சரக்கையும் பார்க்க வேண்டும்.

சூயஸில் நீர்ப்பூட்டே இல்லை. அங்கே ஆழம்தான் எல்லை. ஏறக்குறைய 1,60,000 டன் சுமக்கும் சூயஸ்மாக்ஸ் டேங்கர் முழுச் சுமையோடு போகலாம். மூன்று லட்சம் டன் டேங்கர் எண்ணெயில் ஒரு பகுதியைக் குழாய்வழியில் இறக்கிவிட்டுத்தான் நுழைய முடியும். சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2005இல் தொடங்கியபோது, கப்பல் பங்குகளை வாங்கிப் போடச் சொல்லி நண்பர்கள் என்னை வற்புறுத்தினார்கள். திட்ட விவரத்தைப் பார்த்தேன். நீருக்குள் 10.7 மீட்டர் அமிழும் கப்பல் வரைதான் அதில் போக முடியும். பழைய பனாமாவே 12 மீட்டருக்கு இடம் கொடுத்தது. பெரிய கப்பல்களுக்கு அதில் வேலையே இல்லை என்று தெரிந்ததால் நான் வாங்கவில்லை.

கால்வாய் அடைபட்டால் கப்பல் பங்குகள் ஏறும். 2023 இறுதியில் சூயஸுக்குப் போகும் வழியான செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. அதே சரக்குக்குக் கூடுதல் நாள், கூடுதல் கப்பல், கட்டணம் எகிறியது. அதே சமயம் பனாமாவில் மழை பொய்த்துக் கால்வாய்க்குத் தண்ணீர் தரும் காட்டூன் ஏரி வற்ற, நாளுக்கு 36 கப்பல் போன இடத்தில் 24தான் போக முடிந்தது. வரிசையில் முந்துவதற்கு ஏலத்தில் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் கொடுத்தவர்களும் உண்டு. எனவே பனாமாவின் மழைக்காலத்தையும் நான் கவனிக்கிறேன்.

ஆனால் இந்த லாபத்தை நிரந்தரம் என்று நம்பக் கூடாது. 1967 முதல் 1975 வரை சூயஸ் மூடியிருந்தபோது ராட்சத டேங்கர்களுக்கு ஆர்டர்கள் குவிந்தன. 1973இல் எண்ணெய் விலை ஏறித் தேவை சுருங்கியது. 1975இல் கால்வாயும் திறந்தது. புத்தம்புதுக் கப்பல்கள் நார்வேயின் கடற்கழிகளில் வேலையின்றி நங்கூரமிட்டுக் கிடந்தன. கட்டண உயர்வு தலைப்புச் செய்தியாகும்போது நான் ஒரு பகுதியை விற்றுவிடுவேன். கட்டுமானத் தளங்களில் எத்தனை புதிய கப்பல்கள் ஆர்டரில் இருக்கின்றன என்று பார்த்துத்தான் மீதியை வைத்திருப்பேன்.

வாங்கும் விலைக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். கப்பல்களின் இன்றைய சந்தை மதிப்பில் கடனைக் கழித்தால் ஒரு பங்குக்கு என்ன வரும் என்பதைக் கிரேட் ஈஸ்டர்ன் ஷிப்பிங் போன்ற நிறுவனங்கள் வெளியிடுகின்றன. பங்கு அதற்குக் கீழே கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என்று வைத்துவிட்டு மறந்துபோகும் பங்கு இதுவல்ல. பிள்ளைகளின் படிப்புப் பணத்தை இதில் போடாதீர்கள்.